தினமும் மருந்து

டாக்டர் அமலநாதனுக்கு நாற்காலி முள்ளாய்க் குத்தியது. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம். மருத்துவ ஆராய்ச்சியில் வாழ்நாள் சாதனை செய்த மூன்று மூத்த மருத்துவர்களுக்கு மதிய விருந்தோடு விருது. மற்ற இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபத்தேழு வயதில் இவர் மட்டும் டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

காரணம், ஐந்தாவது மேசையில் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி. பெர்மாஸ் ஜெயாவிலிருக்கும் அவள் வீட்டுக்குக் கார் அனுப்பி வரவழைத்தது இவர்தான்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் அவள் பெக்கான் நானாஸ் பக்கத்துத் தோட்டக் கிளினிக்கில் உதவியாளர். இவர் தோட்டத் தொழிலாளர்களின் நோய்களை ஆராய, கேள்விகள் அச்சிட்ட பாரங்களோடு போய் இறங்கிய இளம் டாக்டர். "மருந்து ஏதாவது உண்டா?" என்று தோட்டத்துப் பெண்களிடம் கேட்டார். "தினமும் மருந்துதான் டாக்டர்" என்றார்கள். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்து, நம் மேதை அத்தனை பேரின் பெயரையும் ஆய்விலிருந்து அடித்துவிட்டார். அவர்கள் சொன்னதோ களைக்கு அடிக்கிற மருந்தை! நகம் உதிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களே அவர்கள்தான். அதை எடுத்துச் சொன்னவள் யோகேஸ்வரி. அடித்த பெயர்களைத் திரும்பச் சேர்த்ததும், களை மருந்துதான் விஷம் என்ற உண்மை வெளியே வந்தது. இவர் பெயர் வெளிநாடு வரை போனது. "எனக்குத் திடீரென்று பொறி தட்டியது" என்றுதான் அன்றிலிருந்து எல்லா மேடையிலும் சொல்லி வந்தார். வெட்கக்கேடு. இன்றைக்கும் சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது?

அவரைக் கூப்பிட்டார்கள். எழுதி வந்த உரையை மடித்துப் பைக்குள் போட்டார்.

"எனக்குப் பொறியும் தட்டல, ஒண்ணும் தட்டல. அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது அதோ, யோகேஸ்வரி. இத்தன நாளா மறைச்சது நான்."

மண்டபமே எழுந்து கைதட்டியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கேடயத்தை எடுத்துக்கொண்டு நேரே ஐந்தாவது மேசைக்குப் போய் நீட்டினார்.

"இது உனக்குத்தாம்மா சேரணும்."

யோகேஸ்வரி கையை நீட்டவில்லை. "பேரு கெடக்கட்டும் டாக்டர். நான் உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு தடவையா?"

"மொத தடவ நீங்க வந்த மொத மாசமே சொன்னேன். 'உனக்கென்ன தெரியும், பாரத்த நிரப்பு'ன்னு சத்தம் போட்டீங்க. மறுபடி சொல்ல ஒரு வருஷம் ஆயிடுச்சு."

"ஏம்மா ஒரு வருஷம்?"

"பயம் லா. வேல போயிடுமேன்னு. அப்புறம் எங்கம்மா செத்துட்டாங்க. அவங்களும் மருந்தடிக்கிற ஆளுதான். காரியம் முடிஞ்ச மறுநாள் வந்து சொன்னேன். அதுக்கு மேல எதுக்குப் பயப்படணும்?"

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நீட்டிய கேடயத்தை அவர் மேசைமேல் வைத்தார்.

"அம்மா பேரு..."

"ராசம்மா. நீங்கதான் எழுதுனீங்க டாக்டர். நீங்கதான் அடிச்சீங்க."