படலையில் கட்டிய வெள்ளை

"இன்னும் உசத்திக் கட்டு தம்பி. மாடு இழுத்திரும்" என்றாள் புஸ்பம்.

பக்கத்து வீட்டுக் கண்ணகையக்காவின் ஒரே மகன் கந்தப்போடி, கதிரையில் ஏறி நின்று, செத்தவீட்டுக்கு அடையாளமாக வாசல் படலையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டிருந்தான். புஸ்பத்தின் அண்ணன் அருமைநாயகம் செய்ய வேண்டிய வேலை அது. அவனோ உள்ளே அப்பாவின் சவப்பெட்டியருகில் நின்று, போதகர் வேதத்தில் எந்த அதிகாரத்தை வாசிப்பது என்று சித்தப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இராணுவம் பாதையை எப்போது மூடுமோ தெரியாது. இதுகளுக்கு அதிகாரம்தான் இப்போது கவலை.

"யாத்திராகமம் பன்ரெண்டுதான். அப்பா இருவது வருசமா அதைத்தானே சொன்னவர்!" உள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

இருபது வருடம்! புஸ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே கதைதான். வாசல்நிலையில் ஆட்டு இரத்தம் பூசிய வீடுகளைக் கர்த்தர் கடந்துபோனார். எகிப்தின் மற்ற வீடுகளில் தலைப்பிள்ளைகள் செத்தன. "தீர்ப்பும் மீட்பும் ஒரே ராவில வந்தது மனே" என்பார் அப்பா.

"மாவரைச்ச அடிமைப்பொம்புளைட புள்ளையும் செத்ததாமே. அவள் என்ன செஞ்சவள்?" என்று அவள் கேட்டால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நெஞ்சுநோவோடு கிடந்த கடைசி நாளிலும் கேட்டுப் பார்த்தாள். "யோசிக்கிறன்" என்றார். யோசித்து முடிக்காமலே நேற்று விடியக் கண்ணை மூடிவிட்டார். அழுகையை விடக் கோபம்தான் அவளுக்கு அதிகமாக வந்தது.

கந்தப்போடி இறங்கினான். "வேற என்ன வேலை இரிக்கு அக்கா?"

"பெட்டி தூக்க நீயும் வேணும். இந்தக் கோலத்தில நிக்காத. வீட்ட போய்க் குளிச்சு, வெள்ளைச் சறம் கட்டிற்று வா. கெதியாப் போ!" அண்ணன் மேலிருந்த எரிச்சலை அவன் மேல் கொட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் வாவிக்கரைப் பக்கம் நாய்கள் குரைத்தன.

"அவங்க வாறாங்க" என்றார் சித்தப்பா.

போன மாதச் சுற்றிவளைப்பில் கொண்டுபோன ஒன்பது பேரில் ஒருவனும் திரும்பி வரவில்லை. எல்லாரும் அண்ணன் வயதுக்காரர்கள். அண்ணன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். புஸ்பம் அவனை மறைத்து நின்றாள்.

சப்பாத்துச் சத்தம் படலையடியில் நின்றது. முன்னால் வந்தவன் வெள்ளைத்துணியை நிமிர்ந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பின்னால் வந்தவர்களுக்குக் கைகாட்டினான். கடந்து போனார்கள்.

"கடந்து போயிற்றாங்க, புஸ்பம்" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது. "அப்பா சொன்ன மாதிரியே..."

"வாயை மூடு அண்ணன்."

அடுத்த படலை திறபடுவது அவளுக்குக் கேட்டது. பிறகு கண்ணகையக்காவின் குரல். "செத்தவீட்டுக்குப் போறதுக்குக் குளிக்கான் ஐயா. அங்க கேட்டுப் பாருங்க, அங்கதான் நிண்டவன்..."

புஸ்பம் ஓடினாள். அவள் போய்ச் சேருமுன் இராணுவ வாகனம் கந்தப்போடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

போதகர் வந்து மணியடித்தார். அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் போகவில்லை. கண்ணகையக்கா கிணற்றுக்கட்டில் இருந்தா, பாதையைப் பார்த்தபடி. நான்தானே அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தாள் புஸ்பம்.

வாளியில் தண்ணீர் பாதி இருந்தது. கொடியில் வெள்ளைச் சறம் கட்ட ஆளில்லாமல் தொங்கியது. அவள் அதை எடுத்து மடித்தாள். உதறிவிட்டுத் திரும்பவும் மடித்தாள்.