அடுப்புக்குப் புது சுவிட்ச்

புது கரண்ட் அடுப்பை மாட்டிய அன்றே வீட்டுக்காரருக்கும் சுவிட்ச் போர்டுக்கும் சண்டை. அடுப்பின் நாலு தட்டையும் ஒன்றாகப் போட்டால், பாரம் மிஞ்சும்போது கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டார். மறுபடி விழுந்தது. ஒரே தட்டு போட்டால் மட்டும் பேசாமல் இருந்தது. ஒயர் பாரம் தாங்கவில்லை என்று அவர் மனைவிக்கே பட்டது.

"என்னங்க, அது பழைய ஒயரு. மாமா கட்டிலை ஒட்டித்தானே வருது? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே."

"ஒரு சுவிட்ச் மாத்த ஆள் வேற வேணுமா? இதுக்குத் தெம்பு பத்தல, அவ்வளவுதான்."

மிக்சியைக் கழற்றிப் பூட்டி மூன்று திருகாணியை மிச்சம் வைத்த மகானுபாவர் அவர். கடைக்குப் போய் ரெட்டைப் பலத்தில் ஒரு சுவிட்சை வாங்கிவந்து மாட்டினார். நாலு தட்டும் சிவந்தன. சுவிட்ச் அசையவில்லை. "பாத்தியா?" என்றார். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சமையல் முடிந்தால் போதும் என்றிருந்தது.

பக்கவாதத்தில் படுத்த மாமனாருக்கு வலக்கை மட்டும்தான் சொன்னபடி கேட்கும். கட்டிலோரச் சுவரில் ஒயரை மூடி ஓடிய பிளாஸ்டிக் பட்டைமேல் அந்தக் கையை வைத்து, "இதமா இருக்கும்மா" என்று சிரித்தார்.

மறுநாள் வீட்டுக்காரரின் நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். அடுப்போடு ஓவனும் ஓடியது. கஞ்சி கொடுக்கப் போனவளிடம் மாமனார், "சுடுதும்மா" என்றார். பட்டையைத் தொட்டாள்; சுரீரென்றது. அடுப்பை அணைத்தால் ஆட்களுக்கு முன்னால் வீட்டுக்காரர் மூஞ்சி தொங்கிப்போகும், அப்புறம் யார் பேச்சு வாங்குவது? கட்டிலைத் தனியாக இழுக்கவும் முடியாது. கம்பளியை நாலாக மடித்து மாமனாருக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள்.

"இனிமே சுடாது மாமா."

"நல்லா இரும்மா."

கூடத்துச் சிரிப்புச் சத்தம் அவரைத் தொந்தரவு பண்ணாதிருக்கக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

புகை தெரிந்து கதவைத் திறந்தபோது மாமனாரிடம் உயிர் மிச்சமில்லை. தீயணைப்புக்காரர் கரிந்த கட்டிலருகே குந்திப் பார்த்தார். வாசலில் வீட்டுக்காரர், "சுவிட்ச் விழவே இல்லையே" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் வந்தது அவளுக்கு.

"சூடு வெளிய போக வழியில்லாம கம்பளிதான் முதல்ல பிடிச்சிருக்கு" என்றார் தீயணைப்புக்காரர். "இதை இங்க யாரு வெச்சது?"

"நான்தான்" என்றாள். "சுடுதுன்னு சொன்னாரு."