எண்பத்தேழு சென்ட் மழை

இரட்டை வேட்டுச் சத்தம் மலையில் மோதித் திரும்பியபோது தேச்சம்மா அப்பாவின் வெள்ளை அங்கிக்கு இடுப்புத்துணி கட்டிக்கொண்டிருந்தாள். குடகில் சாவைச் சொல்லும் வேட்டு அது. இரவு மழை ஓய்ந்த பிறகு அவள் அப்பா பித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஈரச் செருப்புகளோடு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"மழை பெய்யுறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பியிருக்கான்" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாச்சையா. "இனி மழை தர்ற இக்குத்தப்பா சாமிக்குத்தான் தலைவலி. ஒரு துளி குறைஞ்சாலும் நேர்லயே கணக்குக் கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். தேச்சம்மாவும் சிரித்தாள்.

ஆனால் எவ்வளவு பெய்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. காபி மொட்டுகளின் மேல் விழுந்த முதல் மழை அது. ஒரு அங்குலம், அதாவது நூறு சென்ட் பெய்திருந்தால் மொட்டெல்லாம் பூக்கும். குறைந்திருந்தால் இன்றைக்கே பம்பு போட வேண்டும், இல்லையேல் கருகிவிடும். பொதுக்குளத்தில் இருந்ததோ ஒரே ஒரு தடவைக்கான தண்ணீர்; தேவையில்லாமல் பம்பு போட்டு வீணாக்கவும் முடியாது. ஏழு தோட்டத்து மழைமானிகளும் பித்தப்பாவின் கணினிக்குத்தான் பதிவை அனுப்பும். அந்தப் பதிவை அப்படியே திறக்க முடியாது. கருப்புத் திரையில் ஒரு கட்டளை வரி தட்டி, அதை எக்ஸெல் ஃபைலாக்கி, காலையிலேயே எல்லோருடைய போனுக்கும் அனுப்புவது அவர் வழக்கம்.

ஒற்றை ஏக்கர்க்காரி பொன்னவ்வா பூ கோத்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தன் செடிகளைப் பார்த்தாள். உடனே, தப்பு செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். தேச்சம்மா அதைக் கவனித்தாள். எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள்.

மாச்சையா பின்னாலேயே வந்தார். "எங்கம்மா போற?"

"மழைக்கணக்கு எடுக்க, மாமா."

"இன்னைக்கா? ஊர் என்ன பேசும்?"

"மொட்டு கருகினா அப்பா என்ன பேசுவார்?"

"என்னைத்தான் திட்டுவான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அப்பா சொல்லித் தந்திருந்த வரியை நினைவிலிருந்து தட்டினாள். ஃபைல் வந்தது. மாச்சையாவின் பெயருக்கு நேரே நூற்றுப்பத்து.

"அங்குலத்துக்கு மேலயே பெய்திருக்கு மாமா! பம்பே வேண்டாம்!"

மாச்சையா உதட்டைப் பிதுக்கினார். "மழை அளக்க நான் வெச்சிருக்கிற கண்ணாடிக் குழாயில எண்பத்தாறுதான் நின்னுது."

"அதைத்தான் அப்பா பொய்க்குழாய்னு சொல்வாரே."

"ஆமா. எத்தனையோ வருஷமா அவன்கிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்குப் பார்த்து ஜெயிக்க எனக்கு ஆசையில்ல. நீ அனுப்பு."

அவள் விரல் நின்றது. "அப்பா இந்த வரியை எப்படி அடிப்பார் மாமா? பக்கத்துல உக்காந்திருப்பீங்களே."

"அவன் எங்க அடிச்சான், சோம்பேறி! மேல் அம்பு பட்டனை அமுக்குவான். பழசு தானா வந்து நிக்கும்."

அமுக்கினாள். அவள் தட்டிய வரி வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். அப்பா கடைசியாகத் தட்டியது வந்து நின்றது. அதே வரிதான், வால்பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு சொல்: சென்ட். அதை அவள் விட்டிருந்தாள். அது இல்லாததால், மழைமானிக்குள் நீர் நிரம்ப நிரம்பக் கவிழும் குட்டிக் கிண்ணம் எத்தனை முறை கவிழ்ந்தது என்பதைத்தான் இயந்திரம் சொல்லியிருந்தது. காபிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு, மழைக்குப் பக்கத்தில் எந்த எண் நின்றாலும் அது சென்ட்தான்.

சற்றுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடவிட்டாள்.

எண்பத்தேழு.

"பாரு, என் குழாயைவிட ஒரு சென்ட் கூடுதல்! போன பிறகும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறான், படவா" என்று மாச்சையா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கூடத்தில் போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. பார்த்தவர்கள் எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நெளிந்தார்கள்.

"போங்க, பம்பைப் போட்டுட்டு வாங்க" என்றார் மாச்சையா. "அவன் எங்கயும் ஓடிட மாட்டான். பொன்னவ்வா, முதல்ல நீ போ."

மாலையில் பாடை புறப்பட்டது. பொன்னவ்வாவின் வேலியோரம் தெளிப்பான் சுழன்று, பாதைக்குக் குறுக்கே தண்ணீரை வீசிக்கொண்டிருந்தது. பொன்னவ்வா பதறிக்கொண்டு வால்வை மூட ஓடினாள். தேச்சம்மா கையை உயர்த்தி வேண்டாம் என்றாள்.

அந்தத் தண்ணீருக்குள் பாடையோடு நுழைந்தபோதும் தோள் கொடுத்தவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. யாரும் குடை விரிக்கவுமில்லை.