ஏழடி இறங்கும் கை

"அஞ்சடி கிண்டுற மெசின வாங்கி என்ன செய்யிற, நெவில்? பூக்கண்டு நடவா?"

"சின்னதெண்டா எந்த ஒழுங்கைக்குள்ளயும் போகும் எண்டுதானே நான்..."

"போகும், போகும். போய் என்னத்தக் கிண்டும்? மலசலகூடக் குழி ஏழடி எண்டு கடதாசியில கிடக்கு. வாசிச்சித்தானே ஒப்பம் வெச்சீங்க?"

"கடதாசியில ஆயிரம் எழுதுவானுகள், அதுக்காக..."

"நான் இன்னும் பேசி முடிக்கல்ல!"

காத்தான்குடி ஆற்றங்கரை வளவில், கழற்றிப்போட்ட டயர்களுக்கு நடுவே நின்று, றவூப் புருசன் வாயையும் பெண்சாதி வாயையும் மாறி மாறிப் பார்த்தான். கொழும்பிலிருந்து இறக்கிய, மண் தோண்டும் பாவித்த குட்டிப் பெக்கோ இரண்டு அவனிடம் விற்பனைக்கு இருந்தன. ஒன்று முக்கால் தொன். அதன் கை ஐந்தடிக்குக் கீழே இறங்காது. மற்றது அதைப்போல இரண்டு மடங்கு. ஏழரை அடி தோண்டும்.

யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் வீட்டுத்திட்டம், மதகு, வடிகான். இவ்வளவு காலமும் மேசன் வேலை பார்த்த நெவிலுக்கு முதன்முதலாக ஒரு பெரிய கொந்தராத்து கிடைத்திருந்தது. டச்பார் கடற்கரையில் நாற்பது வீட்டுக்குக் குழி தோண்ட வேண்டும். பெண்சாதி ஈனிட்தான் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அதை எடுத்தாள். "கடல் அடிச்சித் துரத்தின நம்மட சனம் திரும்பிப் போற இடம். நாமதான் செய்யோணும்" என்றாள்.

அந்தக் கடற்கரையில், சவுக்கு மரங்களுக்குப் பின்னால், ஆறடி ஆழத்தில் அவர்களுடைய மகன் பிறையன் கிடக்கிறான். அது நெவிலுக்குத் தெரியும். ஈனிட்டுக்குத் தெரியாது.

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு மறுநாள்தான் சுனாமி அடித்தது. அதற்கு மூன்றாம் நாள் பிள்ளையைக் கண்டெடுத்தவன் நெவில்தான். பெற்றவளுக்குக் காட்டக்கூடிய முகமாக அது இருக்கவில்லை. பேர் தெரியாத பதினொரு பேரோடு அவனையும் மணலில் வைத்து மூடிவிட்டு, தாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு வந்து, "காணல்ல, ஈனிட்" என்றான். நாளைக்குச் சொல்லுவோம் என்றுதான் நினைத்தான். விடிந்ததும் அவள் பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு செட்டிபாளையம் முகாமுக்குப் போய்விட்டாள். பிறகு வெல்லாவெளி, பிறகு அம்பாறை. அவள் தேடத் தேட, சொல்லுகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. ஐந்து வருடம் போய்விட்டது. "ஆரோ நல்ல ஆக்கள் எடுத்து வளக்காங்க" என்று இப்போதும் சொல்லுவாள்.

ஏழடி இறங்காத மெசினை வாங்கிவிட்டால் கொந்தராத்து கைவிட்டுப் போகும். வேறு யாராவது வந்து தோண்டுவான்தான். தோண்டட்டும். அதில் தன் கை இருக்கக்கூடாது; குழியடியில் ஈனிட் நிற்கக்கூடாது. நெவிலுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"பெரிசில வாளிய மாட்டுற ஆணி ஆடுது" என்றான்.

கொல்லுப்பட்டறையில் பிறந்து வளர்ந்தவள் ஈனிட். சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாளியின் பல்லை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினாள்.

"எங்க ஆடுது? எங்கட பப்பா இரிந்தா உங்களத்தான் புடிச்சி உலுக்குவார்." சின்னதின் பக்கம் போனாள். "இஞ்ச பாருங்க, கையில ஒட்டு வேல. ஒட்டுக்கு மேல பெயின்ற். றவூப், இது நீ அடிச்சதா?"

"அல்லாவே! நான் அடிக்கல்ல அக்கா. வரக்குள்ளயே அந்த மேக்கப்போடதான் வந்தது."

"பெரிசிட மீட்டர மாத்தியிரிப்பானுகள்" என்றான் நெவில்.

றவூப் சிரித்துவிட்டான். "நெவில் அண்ணன், ஆக்கள் நல்ல மெசின்ல குறை சொல்லி விலைய இறக்குவாங்க. நீங்க நல்லதுல குறை சொல்லிப்போட்டு, கெட்டத வாங்க நிக்கிறீங்க. நானே விக்க யோசிக்கன்."

"இவருக்கு இண்டைக்கு என்னமோ புடிச்சிரிக்கு. நீ ஸ்டாட் பண்ணு, தம்பி. கிண்டிப் பாப்பம்."

பெரியது இரண்டு தரம் இருமிவிட்டுச் சீராக ஓடியது. வளவின் ஓரத்தில் வாளி மண்ணைக் கடித்தது. ஈனிட் ஒரு நீளக் கம்பை எடுத்துக் குழிக்குள் விட்டு அளந்தாள்.

"நாலு. கறுப்புப் புகை இல்ல, பாத்தீங்களா?"

நெவில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றில் ஒரு தோணியும் இல்லை.

"அஞ்சரை. இன்னும் இறக்கு, றவூப்!"

வாளி கரிய சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. சேற்றுக்குள் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. மட்டிச் சிப்பிதான். நெவில் அதற்குள் கத்திவிட்டான்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு எண்டன்!"

றவூப் பயந்துபோய் எஞ்சினை நிறுத்தினான்.

"என்ன நெவில்? என்ன நடந்த?"

"வேணாம், ஈனிட். டச்பார்ல ஏழடி போகேலா."

"ஏன் ஏலா? மணல்தானே."

"ஆறடியில ஆக்கள் கிடக்காங்க."

"எந்த ஆக்கள்?"

"சுனாமி ஆக்கள். சவுக்கு மரத்தடியில. பன்னிரண்டு பேர்."

"உங்களுக்கு ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. நான்தான் வெச்ச."

"எப்ப?"

"மூணாம் நாள்."

"மூணாம் நாள் நீங்க பிள்ளையத் தேடியெல்லோ போனீங்க?"

"ஓம்."

ஈனிட் கம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். றவூப் பெக்கோவிலிருந்து இறங்கி, அவர்களைப் பாராமல் வேலிப்பக்கம் நடந்தான். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கையில் ஒட்டிய கிறீஸை அவள் சட்டையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு அவனுக்குக் கிட்ட வந்தாள். அவளுடைய குரலில் சண்டை இல்லை.

"நத்தாருக்குத் தைச்ச சட்டையோடயா, நெவில், பிள்ளைய வெச்சீங்க?"