பக்கத்தின் மேலே ஜமீர்

தேவகி டீச்சர் போன் செய்தால் முதலில் வசவு, அப்புறம்தான் விஷயம்.

"இன்னாம்மா ஷாஹிஸ்தா, நம்ம ஸ்கூல் வெப்சைட்டத் தொறந்தா மேல ஒரே இங்கிலீஷ் குப்பையா கீது? அட்மிஷன் டைம்ல மானம் போவுது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு."

உத்திரமேரூர் பஜாரில் ஷாஹிஸ்தா இப்போது பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் கடையை வைத்தது அவள் அண்ணன் ஜமீர். நாலு மாதத்துக்கு முன் செங்கல்பட்டு ரோட்டில் லாரி மோதி மவுத்தாகிவிட்டான். பக்கத்துப் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தா லுக்மான், இந்த ஒரு வாரமாகத்தான் அரைத்தட்டு சோறு சாப்பிடுகிறார். அவர் காதில் ஜமீர் பேரே விழக்கூடாது என்று வீட்டில் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

ஷாஹிஸ்தா குப்பையைக் கையால் அழித்தாள். பள்ளிக்கூடத்து அறிவிப்பை வேர்டிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டினாள். குப்பையும் கூடவே வந்து குந்திக்கொண்டது. வைரஸ் என்று நினைத்து ஒரு மணி நேரம் ஸ்கேன் ஓடவிட்டாள். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எரிச்சலில் அந்தக் குப்பையை எழுத்தெழுத்தாகப் படித்தவள் நாலாவது வரியில் நின்றுவிட்டாள். அங்கே இங்கிலீஷில் ஜமீர் என்று இருந்தது.

வேர்டின் வேலைதான் அது. ஒட்டும்போது, யாருடைய கம்ப்யூட்டரில் எந்த இடத்திலிருந்து வந்தது என்கிற சங்கதியையும் சேர்த்துக் கொட்டுகிறது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்றைக்கே ஜமீர் அதில் தன் பேரைப் போட்டு வைத்திருந்தான். வழி சுலபம். நோட்பேடில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் வெறும் எழுத்து மட்டும் வரும், மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும். அத்தா வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக நோட்பேடைத் திறந்தாள்.

அதற்குள் டீ கிளாஸோடு அவர் வந்து நின்றார்.

லுக்மானுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கடை போர்டில் மகன் பேரை எழுதும்போது பெயிண்டர் பக்கத்தில் நாள் பூரா நின்றவர். அந்த ஆறெழுத்து மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது... நம்ம பையன் பேருதானே?"

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "ஆமா அத்தா. எதை ஒட்டினாலும் அண்ணன் பேரு வருது."

அவர் டீயை மேசையில் வைத்தார்.

"அவன் இல்லன்னு இதுக்கு யாரும் சொல்லலியாம்மா?"

ஷாஹிஸ்தா நாலு மாதமாக அடக்கி வைத்த அழுகை அந்த ஸ்கூல் அறிவிப்பின் முன்னால் வந்தது. லுக்மான் அவள் தலையில் கை வைத்தபடியே நின்றார்.

"டீச்சரம்மா திட்டுவாங்க. அதுல எடுத்துடு. நம்ம கம்ப்யூட்டர் பொட்டியில அவன் பேரு இருக்கட்டும்."

சாயங்காலம் தேவகி டீச்சர் போன் செய்து, இப்போது சுத்தமாக இருப்பதாகச் சொல்லிப் பாராட்டினார்.

அதற்குப்பின் ஷாஹிஸ்தா எல்லா வேலையையும் நோட்பேட் வழியாகத்தான் செய்தாள், நாளுக்கு ஒரே ஒரு தடவை தவிர. மாலையில் அசர் தொழுதுவிட்டு அத்தா வந்து உட்காரும்போது, வேர்டிலிருந்து ஒரு வரியை எடுத்து நேராக ஒட்டிக் காட்டுவாள். அவர் நாலாவது வரியை விரலால் தொட்டுப் பார்ப்பார். அவள் அழிக்கிற நேரத்தில் மட்டும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார்.