மீசை தெளிவாகத் தெரியவேண்டும்

பூச்சி ஆய்வகத்தில் அவளுக்கு வேலையே படம் பார்ப்பதுதான். ஊரில் உள்ளவர்கள் எடுத்தனுப்பும் ஈப் படங்களைப் பார்த்து, இது இன்ன ஈ என்று சொல்லவேண்டும். வருவதில் முக்கால்வாசி, ஈ பறந்த பிறகு ஈ இருந்த இடத்தின் படம். அதற்கே அசராதவள், தங்கை வீட்டுக்காரர் அனுப்பியதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை பேக்கரி வைத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்க்கின்றன. பத்து நாளில் ஒழியாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அழுகிய பழத்தில் பிறந்ததா, சாக்கடையிலா, ஈர மண்ணிலா என்று தெரிந்தால்தானே ஒழிக்க? அவர் அனுப்பிய பதினாறு படங்களிலும் பன்தான் தெரிந்தது.

போன் போட்டாள். “மாப்பிள்ளை, இது ஈயா, எள்ளா?”

“நில்லுன்னா நிக்குதாக்கா அது?”

“எனக்கு மீசை தெரியணும். கிட்டத்துல வெச்சு, தெளிவா ஒண்ணு எடுத்து அனுப்புங்க.”

“மீசையா?” கொஞ்சம் தயங்கினார். “சரிக்கா.”

ஈயின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளுக்குத்தான் ஆய்வகத்தில் மீசை என்று பெயர். அது மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தது படம். எண்ணெய் தடவி, சீவி, முறுக்கிவிட்ட மாப்பிள்ளையின் மீசை!

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை எழுத்தர் எழுந்து வந்துவிட்டார்.

“ஈயோட அளவை ஒப்பிட்டுப் பாக்கக் கேக்குறீங்களோன்னு நெனச்சேன்க்கா,” என்றார் மறுபடி போனில் வந்த மாப்பிள்ளை, பாவம்.

சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கியவள் அப்படியே நின்றாள். மீசையின் இடது நுனியில் ஒரு ஈ. நெட்டைக் கால், மணி கோத்தாற்போல நீண்ட மீசை, எல்லாம் பளிச்சென்று.

“மாப்பிள்ளை, பழமும் இல்ல, சாக்கடையும் இல்ல. இது ஈர மண்ணுல பொறக்குற ஈ. கடையில பூந்தொட்டி ஏதாவது இருக்கா?”

“இருக்கே. கடை திறந்தன்னிக்கு நீங்க குடுத்தது.”

“தண்ணி?”

“மூணு வேளையும் ஊத்துறேன்.”

“மூணு வேளையா? அது செடியா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க குடுத்ததாச்சே. வாடிட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்...”

இவருக்குப் பொறுப்பே கிடையாது என்று தங்கையிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! தன்மேலேயே கோபம் வந்தது.

அன்றைக்கே போய்த் தொட்டியைத் தூக்கிவந்து தன் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் கடைக்கு வந்த ஆய்வாளர், தேடிப் பார்த்தும் ஒரு ஈ கிடைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஈக்கள் என்னவோ அவளிடம்தான் குடிவந்திருந்தன. மூக்கின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கத் தன்னைப் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது: “மீசை தெரியலையேக்கா.”