மூணு வாரம் தாங்கும்

வியாழக்கிழமை காலையில் சுரங்கத்திலிருந்து வந்த கபாசோ பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சேதியைச் சொல்லிச் சிரித்தான்.

"இந்த வாரத்தோட ராத்திரி ஷிஃப்ட் முடியுது. திங்கக்கிழமையிலருந்து பகல் ஷிஃப்ட். இனி மனுசனாட்டம் ராத்திரி வீட்ல படுப்பேன். காலையில உன் மூஞ்சியிலதான் முழிப்பேன்."

அவன் பெண்டாட்டி சிபேசா, நீட்டிய தேநீர்க் கோப்பையை அவன் வாங்குமுன் தரையில் வைத்தாள்.

கல்யாணமாகி எட்டு மாதம். எட்டு மாதமும் அவன் ராத்திரியில் நிலத்துக்கு அடியில் கிடந்தான். அவன் வந்து சேர ஏழு மணியாகும். அதற்குள், ஐந்தரைக்கே எழுந்து, தார்ப்பாய் கட்டிய குளிக்கும் மறைப்புக்குள் போய் மோவாயையும் தாடையின் இரண்டு பக்கத்தையும் மழித்துவிடுவாள். ஆம்பளைகள் மழிக்கிற பிடி வைத்த ரேசர், உள்ளங்கை அளவு கண்ணாடி, ஒரு சோப்புத் துண்டு. மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சுவருக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் செருகிவிடுவாள். சனிக்கிழமை ராத்திரி அவன் வீட்டில் படுத்தால், ஞாயிறு விடியும்முன் பூனை மாதிரி எழுந்து போவாள். வாரத்துக்கு ஒரு நாள் அப்படிப் போகலாம். தினமும் போனால் கேள்வி வரும்.

அவர்கள் இனத்து வழக்கத்தில் புருசன் உடம்பு மயிரைப் பெண்டாட்டிதான் மழிக்க வேண்டும், பெண்டாட்டிக்குப் புருசன். கல்யாணத்துக்கு முன்னால் பொம்பளைகள் கதவைச் சாத்தி வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதற்கென்று ஒரு பிளேடு வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிலடியில் இருக்கிறது. தனக்குத் தானே மழித்துக்கொள்கிற பெண்டாட்டியைப் பார்த்து, 'யாருக்காகடி தயாராகுற?' என்று கேட்கப் புருசனுக்கு உரிமை உண்டு. அந்தப் பாடத்தில் முகம் வரவில்லை. முகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததெல்லாம் தெருக்குழாயடியில்தான். தாடி முளைத்தவள் கட்டினவனை முழுங்கிவிடுவாள் என்று பேசிக்கொள்வார்கள். கட்டினவன் தினமும் பாறைக்குக் கீழே போகிறவன். நாளைக்கு ஒரு கல் சரிந்து அவன் கால் போனால்கூட, ஊர் அவள் மோவாயைத்தான் பார்க்கும்.

அன்றைக்கு மதியம் கல் உடைக்கிற இடத்தில் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு லவ்னெஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செம்புச் சுரங்க ஊரான கிட்வேயிலிருந்து போகிற பெரிய சாலை ஓரத்தில் இருவரும் ஒரே குவியலில் ஜல்லி உடைப்பவர்கள். சனிக்கிழமைகளில் லவ்னெஸ் சந்தையில் தலை பின்னிவிடுவாள். சிபேசாவின் தாடை விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"மழிச்சா சாயங்காலத்துக்குள்ள சொரசொரன்னு வந்துருது. பக்கத்துல படுக்கிறவனுக்குத் தெரியாம இருக்குமா? வேற வழி சொல்லுடி."

"கிரீம் இருக்கு. தடவி அஞ்சு நிமிசம் வச்சுத் துடைச்சா வழிச்சிக்கிட்டு வந்துரும்."

"உன் நாத்தனாருக்கு ஒதடு வெந்துபோச்சே, அந்தக் கிரீமா?"

"அவ அஞ்சு நிமிசம்னா அரைமணி நேரம் வச்சா. கழுதை, தூங்கிட்டா." லவ்னெஸ் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டாள். "ஆனா நாத்தம் நாறும். அழுகின முட்டை கணக்கா. ஒரே ரூமுக்குள்ள எங்க ஒளிப்பே? சாம்பல் தொட்டுப் புடுங்கிப் பாரேன், எங்க ஊர்ல அப்படித்தான்."

"புடுங்கியாச்சு. நம்ம மயிரு சுருண்ட மயிரு. பாதியில அறுந்து உள்ளேயே வளையுது. கட்டி கட்டியா வீங்கிருச்சு போன வருசம்."

"இந்தியாக்காரங்க கடையில அந்தம்மா நூலு வச்சு எடுக்குதாம். கடை வாசல்ல ஸ்டூல் போட்டு, ஊரே பாக்க."

"நல்லா இருப்பே! போஸ்டர் அடிச்சு ஒட்டிரு அதுக்கு."

லவ்னெஸ் சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ சர்க்கரைதான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு காய்ச்சி, ஒட்டி, ஒரே இழுப்பு. வேரோட வரும். உயிரு போகும். ஆனா மூணு வாரம் தாங்கும். முதல்ல கையில கொஞ்சம் ஒட்டிப் பாத்துட்டு..."

"மூணு வாரமா?"

மற்றது எதுவும் சிபேசாவின் காதில் ஏறவில்லை.

மயிர் பாகில் பிடிபட வேண்டுமென்று வெள்ளிக்கிழமை காலை சிபேசா மழிக்காமல் தாடையில் துணி சுற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் லவ்னெஸ் வீட்டு அடுப்படியில் காய்ச்சினார்கள். முதல் பாகு கருகிக் கல்லாகிவிட்டது. "இதையும் உடைச்சு ஜல்லியோட சேத்து வித்துரலாம்" என்றாள் லவ்னெஸ். இரண்டாவது பாகு தேன் நிறத்தில் வந்தது. சிபேசா துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முதல் இழுப்பில் கண்ணுக்குள் வெளிச்சம் வெடித்தது. சம்மட்டி நழுவிக் கட்டைவிரலில் விழுந்த நாள்கூட இப்படி வலிக்கவில்லை. பதினேழு இழுப்பு. துணியில் கருப்புக் கருப்பாக, வேரின் வெள்ளை முனையோடு ஒட்டிக்கிடந்ததைப் பார்த்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சிவந்த தாடையைப் பார்த்துக் கபாசோ கேட்டான். கல் சில்லு தெறித்தது என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சிவப்பு போய்விட்டது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று விடியலும் அவன் கண் திறந்தபோது அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக விடிந்த பிறகும் தூங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. அவள் என்ஷிமாக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "தகடு விலகியிருக்கு" என்று கபாசோ ஸ்டூலைப் போட்டு ஏறியதைத் திரும்பிப் பார்த்தபோது, அவன் கை அந்தச் சந்துக்குள் முழங்கைவரை போயிருந்தது. 'மூணு வாரத்துக்கு வேலையில்லை' என்ற சந்தோசத்தில் பையை எடுத்து எறிய மறந்திருந்தாள்.

கீழே இறங்கிப் பையைப் பிரித்தான். ரேசரின் பல்லில் குட்டையான தடித்த மயிர்கள் அடைத்திருந்தன. சோப்பிலும் ஒட்டியிருந்தன. அவன் சுரங்கத்துக் குளியலறையில்தான் முகம் மழிப்பான். வீட்டில் ஒரு நாளும் மழித்ததில்லை.

"இது யாரு தாடி?"

அகப்பை கையில் நின்றுவிட்டது.

"கேக்குறேன்ல. நான் ராத்திரியெல்லாம் கல்லுக்கு அடியில கெடந்தேன். என் கூரைக்குக் கீழ விடியக்காலம் உக்காந்து தாடி மழிச்சவன் எவன்?"

"என்னுதுங்க."

"என்ன உன்னுது?"

"தாடி. எனக்கு... மோவாயில மயிரு வரும். கல்யாணத்துக்கு முன்னாலருந்தே."

அவன் விளக்கைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். உரித்த முட்டை போல இருந்தது முகம். இத்தனை வருசத்தில் அது இத்தனை வழவழப்பாக இருந்ததே இல்லை.

"பொய் சொல்றதுன்னு ஆச்சுன்னா கொஞ்சம் நம்புற மாதிரியாச்சும் சொல்லு, சிபேசா."

கத்தவில்லை அவன். கத்தியிருந்தால் தேவலை. பாயைத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் வேலையிலிருந்து வந்தவன், "ஞாயித்துக்கிழமை முசேபா பெரியவரை வரச் சொல்லியிருக்கேன். அவர்தானே உன்னைப் பேசி முடிச்சாரு. அவரே கூட்டிட்டுப் போய் விடட்டும்" என்றான்.

லவ்னெஸ் வந்து, பாகு ஒட்டி இழுத்ததைச் சொல்லிச் சத்தியம் செய்தாள். மயிர் ஒட்டின துணியை எரித்துவிட்டதாகச் சொன்னாள். "நீ அவ கூட்டாளி. வேற எப்படிப் பேசுவே?" என்று அவன் கதவைச் சாத்திவிட்டான்.

வெள்ளியும் சனியும் சிபேசா கல் உடைத்தாளா, கையை உடைத்துக்கொண்டாளா தெரியாது. இரண்டு அடிக்கு ஒரு தரம் தாடையைத் தடவினாள். ஒன்றுமில்லை. வேரோடு போனது வேரோடு போய்விட்டது. பிளேடோடு நின்றிருந்தால் ஒரே நாளில் சாட்சி முளைத்திருக்கும்.

"வேகமா முளைக்க எதாச்சும் இருக்காடி? விளக்கெண்ணெய் தடவலாமா?"

"போன வாரம் போக மருந்து கேட்டே, இந்த வாரம் முளைக்க மருந்து கேக்குறே. என்னை என்ன கடவுள்னு நெனச்சியா?" என்றாள் லவ்னெஸ். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "எல்லாம் ஒண்ணா முளைக்காது. சிலது ஒரு வாரத்துல தலை காட்டும். விடாம தடவிப் பாரு."

ஞாயிறு காலை, முகம் கழுவும்போது விரல் நுனியில் ஒன்று குத்தியது. மோவாய்க்குக் கீழே. அப்புறம் இன்னொன்று, தாடை வளைவில். ஈரக்கையோடு உள்ளே ஓடி, தரையில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்த புருசன் முன்னால் மண்டியிட்டாள்.

"தொட்டுப் பாருங்க. இங்க. ஒரே ஒரு தடவ."

அவன் வேண்டாவெறுப்பாக விரலை வைத்தான். "ஒண்ணும் இல்லியே."

"நல்லா அழுத்துங்க."

அழுத்தினான். விரலை எடுத்து அவனே பார்த்துக்கொண்டான். பதினோரு வருசம் பாறை துளைக்கிற டிரில்லைப் பிடித்த விரல். சூடான கோப்பையைக்கூட அந்த விரல் அறியாது. எட்டு மாதமாக அவள் எப்படித் தப்பித்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே புரிந்தது. எழுந்து போய்விடுவானோ என்ற பயத்தில் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அவன் கன்னத்தைத் தன் மோவாயோடு வைத்துத் தேய்த்தாள்.

அவன் தானாகவே மறுபடி தேய்த்துப் பார்த்தான். பிறகு மெல்ல விலகினான்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

அவன் பூட்ஸ் துடைத்த துணியைக் கீழே போட்டான். "நான் பெரியவர்கிட்ட ரேசரைப் பத்திச் சொல்லிட்டேன். அவரு என் மாமன்கிட்டயும் சொல்லிட்டாரு. இப்ப நான் 'ஒண்ணுமில்ல, போங்க'ன்னா, பொண்டாட்டிகிட்ட மயங்கிட்டான்பாங்க. உன் பேரு அப்படியே நாறிக்கிட்டுக் கிடக்கும்." அவள் பக்கம் திரும்பினான். "அவரு கண்ணால பாக்கணும். ஆனா நான் உன்னைக் கட்டாயப்படுத்தல."

வெளியே முற்றத்தில் நான்கு வீட்டுப் பொம்பளைகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் வெளிச்சம் போதாது. பெரியவர் முசேபாவுக்கு ஒரு கண்ணில் புரை. வாசலுக்குத்தான் போயாக வேண்டும். கள்ளப் புருசன் வைத்தவள் என்கிற பேரா, தாடிக்காரி என்கிற பேரா. இந்த முற்றத்தில் குடியிருக்கிறவரை இரண்டில் ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் நடக்கும். முதல் பேர் அவளைத் தாய்வீட்டுக்குப் போகிற லுவிங்கு பஸ்ஸில் ஏற்றிவிடும். இரண்டாவது...

வாசலில் கை தட்டுகிற சத்தம் கேட்டது. பெரியவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சிபேசா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தின் நடுவில், வெயில் விழுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தினாள். கபாசோ பெரியவரின் காதில் ஏதோ சொன்னான். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். துணி பிழிகிற சத்தம் நின்றுபோனது. ஈரத் துணியோடு ஒருத்தி பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. இரு... ஆமா, இங்க ஒண்ணு. இது ரெண்டு." அவர் வாய்க்குள்ளேயே எண்ணினார். "மூணு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். சிபேசா ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கழுத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"இந்தப் பக்கமும் இருக்கு ஐயா. நல்லாப் பாருங்க."